ஊசி தேடிக் கிழித்த எம்டன்

மணி அடித்தது.

காலை ஒன்பதரை இருக்கும். ஆம்பூர் பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டிய எங்கள் ஷூ கம்பெனியில் அந்த மணிக்கு மட்டும் எல்லாரும் தலையைத் தூக்குவார்கள். சாப்பாட்டு மணிக்குக்கூட அப்படித் தூக்கமாட்டார்கள். ஷூவுக்குள் உடைந்த ஊசித் துண்டு இருந்தால் அடிக்கிற மணி அது. பெட்டிக்குப் போகிற ஒவ்வொரு ஷூவும் பெல்ட்டில் ஏறி, ஒரு மெஷினுக்குள் நுழைந்து வெளியே வரவேண்டும். உள்ளே கடுகளவு இரும்பு இருந்தாலும் பெல்ட் நின்றுவிடும்.

அன்று பெல்ட்டில் நின்றது ஷூ இல்லை. போர்க்கப்பல்.

இரண்டு முழ நீளம். சாம்பல் நிறம். மூன்று புகைபோக்கி, பக்கத்துக்கு ஐந்து பீரங்கி. முழுக்கத் தோலில் செய்தது. அதன் கொடிமரங்களைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நசீர் பாய் நின்றார். எங்கள் பேட்டர்ன் மாஸ்டர் அவர். ஷூவின் ஒவ்வொரு பாகத்துக்கும் அட்டையில் அளவு வெட்டித் தருகிறவர். கப்பலுக்கு அளவு எடுத்ததும் வெட்டியதும் ஒட்டியதும் அவர். தைத்தது நான்.

"அக்கா, அடிக்குது," என்றாள் சங்கீதா. ஊசியைக் கண்டுபிடிக்கிற அந்த மெஷினைப் பார்த்துக்கொள்கிற பெண். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீடு. ஒரு இழை விட்டுப்போனாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

"திருப்பிப் போடு," என்றேன்.

மூக்கு முன்னால் வைத்துப் போட்டாள். வால் முன்னால் வைத்துப் போட்டாள். சாய்த்துப் படுக்கவைத்துப் போட்டாள். மூன்று தடவையும் அடித்தது.

"சத்தியமா ஒரு ஆணிகூட வெக்கல நான்," என்றார் நசீர் பாய். "கொடிமரம்கூட மூங்கில் குச்சி. பீரங்கி எல்லாம் தோலச் சுருட்டினது. எப்டி அடிக்கும்?"

எப்படி அடிக்கிறது என்று அங்கே ஒருத்திக்குத்தான் தெரியும். அது நான்.

எம்டன் வந்த வழி

போன வாரம் இந்தப் பத்தியில் கேன்டீன் சாம்பார் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுப் பழைய கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் போன் செய்து சண்டை பிடித்தார்கள். இந்த வாரம் யார் பிடிக்கப்போகிறார்களோ தெரியவில்லை. பிடிக்கட்டும். எனக்கு இப்போது சண்டை போடவும் தெம்பு கிடையாது.

எங்கள் ஊர் கலவைப் பக்கத்தில் வாய்க்காரியை, யாருக்கும் பிடிகொடுக்காத ஆளை, எம்டன் என்பார்கள். என் அப்பா என்னைத்தான் சொல்வார். "இது எம்டன். இத எவன் கட்டிக்கினு போய் அவஸ்தப்படப் போறானோ." அது ஒரு கப்பலின் பெயர் என்பதே எனக்கு வெகுகாலம் தெரியாது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஒரு ராத்திரி மெட்ராஸ் கடலோரம் வந்து, எண்ணெய் டாங்குகள்மேல் குண்டு போட்டுக் கொளுத்திவிட்டு, வந்த சுவடு தெரியாமல் போய்விட்ட ஜெர்மன் கப்பல். பயந்த ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்து ஓடினார்களாம். கப்பல் கடலில் எங்கேயோ அழிந்துபோயிற்று. பெயர் மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் நசீர் பாய். அவருக்குக் கப்பல் பைத்தியம். கடலைப் பார்த்ததே மூன்று தடவையோ நான்கு தடவையோதான்.

ஜெர்மனியிலிருந்து பையர் வருகிறார் என்று கம்பெனியின் ஜெனரல் மேனேஜர், எங்கள் ஜி.எம். சார், சொன்னார். பையர் என்றால் எங்களிடம் ஷூ வாங்குகிற கம்பெனியின் ஆள். இந்தத் தடவை ஏதாவது வித்தியாசமாகப் பரிசு கொடுக்கவேண்டும் என்றார். குத்துவிளக்கு, பட்டுச் சால்வை எல்லாம் கொடுத்தாயிற்று. ஒரு வருஷம் ஆற்காட்டு மக்கன் பேடா ஒரு பெட்டி கொடுத்தோம். ஒன்றே ஒன்றைக் கடித்துவிட்டு, தித்திப்பு தாங்காமல், மீதியை டிரைவரிடம் கொடுத்துவிட்டுப் போனார் அந்த வெள்ளைக்காரர்.

"ஜெர்மன்காரனுக்கு ஜெர்மன் கப்பல்," என்றார் நசீர் பாய். "நம்ம தோல்லயே செஞ்சு குடுப்போம்."

"நம்ம ஊர்மேல குண்டு போட்ட கப்பல நாமளே செஞ்சு குடுக்கறதா பாய்?"

"போட்டவன் போய்ட்டான். பேரன் இப்ப ஷூ வாங்க வர்றான். வாங்கிட்டுப் போவட்டும்."

ஜி.எம். சாருக்குப் பிடித்துப்போயிற்று. சாம்பிள் ரூமில் நான் சூப்பர்வைசர், மாதிரி ஷூக்கள் தைக்கிற இடம் அது. வேலை என் தலையில் விழுந்தது.

முதல் கப்பல் கோணிப்போயிற்று. அந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். ஷூவுக்கு உள்பக்கம் ஒரு அளவு, வெளிப்பக்கம் ஒரு அளவு. இரண்டும் ஒன்றாக இருக்கவே கூடாது. நாற்பது வருஷமாக அப்படியே வெட்டிய பாயின் கை, கப்பலின் இரண்டு பக்கத்தையும் அதேபோல வெட்டிவிட்டது. தைத்து நிமிர்த்தினால் கப்பல் ஒரு பக்கமாக வளைந்து நிற்கிறது.

"பாய், கப்பலுக்கு இடது கால் வலது கால் கெடையாது," என்றேன். அன்று சிரித்தோம். அந்த வேலையில் நாங்கள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் புகைபோக்கிச் சண்டை. நான் போனில் பார்த்த படத்தில் நான்கு இருந்தது. பாய் மூன்று என்றார். கடைசியில் அவர் சொன்னதுதான் சரி. எதிரிக் கப்பல்களை ஏமாற்ற, நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியைக் கட்டி நிறுத்துவார்களாம். "எம்டன்னு சும்மாவா பேர் வந்துச்சு?" என்றார்.

ஊசிக்கு ஒரு சட்டம்

வெளியாட்களுக்கு இது புரியாது. அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

தைக்கும்போது ஊசி உடைந்தால் மெஷினை நிறுத்தவேண்டும். உடைந்த எல்லாத் துண்டையும் தேடி எடுக்கவேண்டும். ஒரு நோட்டில் துண்டுகளை வரிசையாக வைத்து, ஒரு முழு ஊசி ஆகிறதா என்று பார்த்து, மேலே டேப் ஒட்டவேண்டும். அப்புறம்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மேஜையில் இருக்கிற அத்தனை வேலையையும் பிரித்துத் தேடவேண்டும். எங்கேயோ ஒரு தேசத்தில் ஒரு குழந்தை காலை நுழைக்கும்போது குத்திவிட்டால், மொத்த ஆர்டரும் போய்விடும்.

இந்தச் சட்டத்தை எங்கள் கம்பெனியில் காப்பாற்றியவள் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாலே பெண்கள் ஊசியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். காவேரிப்பாக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண், ஒரு நுனி கிடைக்கவில்லை என்று பயந்து, அதை மறைத்து வேறு ஊசியைப் போட்டுத் தைத்துவிட்டாள். நான் கண்டுபிடித்தேன். அன்றே வேலையை விட்டு அனுப்பச் சொன்னேன். அவள் என் காலைப் பிடித்தாள். நான் காலை நகர்த்திக்கொண்டேன்.

புதிதாகச் சேர்கிற பெண்களிடம் முதல் நாளே சொல்வேன்: "பையருக்குப் போற எதுவா இருந்தாலும் பெல்ட்ல போடாம அனுப்பாதீங்க. பூமாலையா இருந்தாலும் போடுங்க." சங்கீதாவுக்கும் அதே பாடம்தான்.

அந்த வெள்ளிக்கிழமை

என் வீட்டுக்காரருக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலூரில் ரத்தம் சுத்தம் செய்யவேண்டும். நான்கு மணி நேரம் மெஷினோடு படுத்திருப்பார். நான் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். கம்பெனி கொடுத்த மருத்துவ அட்டை இருந்ததால் அது நடந்தது. நான் வேலையில் இருக்கும்வரைதான் அந்த அட்டை. எனக்கு ஐம்பத்தெட்டு முடிகிற மாதம் அது. இன்னும் இரண்டு வருஷம் நீட்டித்துத் தருவதாக ஜி.எம். சார் சொல்லியிருந்தார். கடிதம் டைப் ஆகிவிட்டது, கையெழுத்துதான் பாக்கி. பையர் வந்து போகட்டும் என்றார்.

மணி அடித்ததற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்காரரை வேலூருக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து படுக்கவைத்துவிட்டு, மதியம் வேலைக்கு வந்தேன். கப்பலின் அடிப்பாகத்தைத் தைக்க உட்கார்ந்தேன். கனமான தோல், நான்கு மடிப்பு. கண் ஒரு நொடி சொருகியது. ஊசி உடைந்தது.

மெஷினில் நின்ற பாதி இருந்தது. மேஜையில் ஒரு துண்டு கிடைத்தது. நுனி கிடைக்கவில்லை. குனிந்தேன், கொஞ்ச நேரம் தேடினேன். இடுப்பு விட்டுப்போயிற்று. புது ஊசி வைக்கிற பெட்டியின் சாவி சூப்பர்வைசர் என்ற முறையில் என்னிடமே இருந்தது. நோட்டைத் தொடாமல் ஒரு ஊசியை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

இது கப்பல்தானே, யார் காலில் குத்தப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காவேரிப்பாக்கத்துப் பெண்ணும் ஏதோ ஒன்று சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பாள். கிடைத்த இரண்டு துண்டையும் குப்பையில் போட மனசு வரவில்லை. ஒரு காகிதத்தில் மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

பரிசுப் பொருளை யாராவது பெல்ட்டில் ஏற்றுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. நசீர் பாய்தான் ஏற்றினார். ஒரு இரும்புகூட இல்லாமல் கப்பல் கட்டியிருக்கிறேன் என்று எல்லாருக்கும் காட்டவேண்டும் அவருக்கு. மெஷினுக்குள் நுழையத் தோதாகக் கழற்றி மாட்டுகிற மாதிரியே கொடிமரத்தைச் செய்திருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரிக்கட்டுமா அக்கா

"பிரிக்கட்டுமா அக்கா?" என்று சங்கீதா கேட்டாள்.

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். சரி என்றும் சொல்லவில்லை. பேசாமல் நின்றேன். பேசாமல் நிற்கிற சூப்பர்வைசருக்கு என்ன அர்த்தம்? சட்டப்படி செய் என்று அர்த்தம். பிளேடை எடுத்தாள். கப்பலின் அடித் தையலை மூக்கிலிருந்து வால்வரை ஒவ்வொரு கண்ணாக அறுத்தாள். உள்ளே இருந்த அட்டையைப் பிளந்தாள். காந்தத்தைக் காட்டினாள். நுனி வந்து ஒட்டிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து ஜி.எம். சார் உள்ளே வந்தார். பதினோரு மணிக்குப் பையர்.

"யாரு பிரிச்சது இத?"

"நான்தான் சார். ஊசி இருந்துச்சு," என்று கையை நீட்டிக் காட்டினாள்.

"இது இன்னா ஷூவா? கிஃப்ட்டும்மா. எவனாவது இத மாட்டிக்கினு நடக்கப் போறானா?"

"பையருக்குப் போறது எதுவா இருந்தாலும் பெல்ட்ல போடணும் சார்."

"அதுக்குன்னு கிழிச்சுப் போடுவியா? அறிவு வேணாம்? ஒரு மாசமா ரெண்டு பேர் ஒக்காந்து செஞ்சது." அவர் குரல் ஏறவில்லை. சோர்ந்துபோன குரலில்தான் சொன்னார். "பைய எடுத்துக்கினு கெளம்பு. நாளைலேர்ந்து வர வேணாம்."

சங்கீதா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை. நோட்டை எடுத்தாள். வேலை போன பிறகும் நோட்டை எழுதி முடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று இருந்தாள். நுனியை வைத்து டேப் ஒட்டினாள். தேதி எழுதினாள், நேரம் எழுதினாள். ஊசி நம்பரைப் பார்த்தாள். அது கனத் தோல் ஊசி. எங்கள் சாம்பிள் ரூமில் அந்த ஊசி ஓடுவது ஒரே மெஷினில்தான். அது என் மெஷின்.

தைத்தவர் பெயர் என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினாள். அப்புறம் "தெரியவில்லை" என்று எழுதினாள்.

எனக்குப் பயமாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன். அட்டை ஞாபகம் வந்தது, பிளாஸ்டிக் நாற்காலி ஞாபகம் வந்தது, கையெழுத்துப் போடாத கடிதம் ஞாபகம் வந்தது. அவள் சின்னப் பெண், வேறு கம்பெனியில் சேர்ந்துகொள்வாள் என்றும் நினைத்தேன். அவள் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டுகிறவரை நினைத்துக்கொண்டேதான் இருந்தேன். பையை மாட்டிக்கொண்டு, "வர்றேங்க்கா," என்றாள். அதற்கு மேல் முடியவில்லை.

"ஊசி என்னுது சார்," என்றேன்.

பர்ஸிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்து, இரண்டு துண்டையும் நோட்டின்மேல் வைத்தேன். ஜி.எம். சார் துண்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "விஜயாம்மா, நீங்களா," என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சங்கீதா பையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். மூன்று துண்டையும் சேர்த்து வைத்தாள். குனிந்து பார்த்தாள்.

"நடுவுல ஒரு துண்டு இல்லக்கா."

நானும் பார்த்தேன். ஒரு எள்ளளவு இடைவெளி இருந்தது.

அது ஒரு ஊர்

மிச்சக் கப்பலையும் பிரித்தாகவேண்டும். பிளேடை நான் எடுத்தேன். என் கையிலிருந்து நசீர் பாய் வாங்கிக்கொண்டார். அதுவரை கொடிமரங்களைப் பிடித்தபடியே நின்றிருந்தார் மனுஷன்.

"குடுங்க. நான் ஒட்டுனது. எங்க பிரியும்னு எனக்குத்தான் தெரியும்," என்றார்.

மேல்தளத்தை உரித்தார். புகைபோக்கிகளைப் பிடுங்கினார். பீரங்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சங்கீதா ஒவ்வொரு துண்டையும் பெல்ட்டில் போட்டாள். மணி அடிக்கவில்லை. அடுத்தது. அடிக்கவில்லை. பாயின் கண்ணாடிக்குக் கீழே ஈரமாக இருந்தது. நான் துடைக்கச் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

வாலின் உள்பக்கம், பசை கெட்டியாகிக் கிடந்த ஓரத் துண்டு போனபோது மணி அடித்தது. அப்போது பையர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ தெரியாது. இளைஞர். முப்பது வயதுகூட இருக்காது. மேஜைமேல் சிதறிக் கிடந்த தோலைக் காட்டி, இது என்ன என்று இங்கிலீஷில் கேட்டார்.

ஜி.எம். சார் தோலை ஓரமாக ஒதுக்கப் பார்த்தார். நசீர் பாய்தான் சொன்னார்: "எம்டன் சார். ஷிப். யுவர் ஷிப்."

பையர் யோசித்தார். "எம்டன்? அது ஒரு ஊர். என் அத்தை அங்கேதான் இருக்கிறார்," என்றார். கப்பல் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நூறு வருஷமாக நாம் ஒருவரையொருவர் அந்தப் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டும் மெச்சிக்கொண்டும் இருக்கிறோம். அவருக்கு அத்தை வீடு. அப்புறம் மாதிரி ஷூக்களைப் பார்க்கப் போய்விட்டார். ஆர்டர் எப்போதும்போல வந்தது. கப்பல் இருந்திருந்தால் கூடியிருக்கும் என்றும் இல்லை.

கடிதத்தில் கையெழுத்து விழவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜி.எம். சார் கெட்டவர் இல்லை. ஊசியை மறைத்த சூப்பர்வைசரை நீட்டித்தால் மற்ற பெண்கள் நோட்டை மதிக்கமாட்டார்கள் என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். அதே கையோடு சங்கீதாவை இருக்கச் சொல்லிவிட்டார். தப்பு என்னுடையது என்று நோட்டில் என் பெயர் இருக்கும்போது அவளை எப்படி அனுப்புவார்?

வீட்டுக்காரரிடம் சொன்னபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இப்போது அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். விடியற்காலை முதல் பஸ்ஸில் கிளம்பவேண்டும். அவரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையில் பையோடு பஸ் ஏறுகிறபோது, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று தோன்றாத நாள் இல்லை. தோன்றத்தான் செய்கிறது. நான் ஒன்றும் மகான் இல்லை.

அன்று பையர் போனபிறகு சங்கீதா நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நான்கு துண்டும் சேர்ந்து ஒரு முழு ஊசியாக டேப்புக்கு அடியில் கிடந்தது. "தெரியவில்லை" என்பதை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். அதற்குப் பக்கத்தில் காரணம் என்று ஒரு கட்டம். அதில் பெண்கள் எதை எழுதினாலும் அடிக்கச் சொல்லி, "கவனக்குறைவு" என்று எழுதவைத்தவள் நான்.

நான் "அசதி" என்று எழுதினேன்.

சங்கீதா படித்தாள். "அப்டி எழுதக் கூடாதுன்னு நீங்கதானேக்கா சொல்லுவீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். குத்திக்காட்டிக் கேட்கவில்லை. நிஜமாகவே சந்தேகம் அவளுக்கு.

"ஆமா. இத்தினி வருஷமா உங்க எல்லாரையும் பொய் எழுத வெச்சிருக்கேன்," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.